சத்தம் வராத பெட்டி

ஃப்ரீசர் என்றால் கத்தும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி செய்யும் பெட்டிகள் கொஞ்சம் கூடுதலாகவே கத்தும். சுவர் மெலிசு. உள்ளே இருக்கும் குளிர் வெளியே ஒழுகிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ராப்பகலாக மூச்சிரைக்கும். கரண்ட் பில்லைக் கடைக்காரர் கட்டுவார். நமக்கென்ன வந்தது என்று முதலாளி லோகநாதன் இருந்துவிட்டார். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. நான் அங்கே டிசைன் எஞ்சினியர், பெயர் ஆக்னஸ். வாங்குகிற சம்பளத்துக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

நான் வரைந்த பெட்டிக்குச் சுவர் இரண்டு மடங்கு தடிமன். கரண்ட் பாதிதான் இழுக்கும். கரண்ட் போனாலும் இரண்டு நாள் மீன் கல்லாகவே கிடக்கும். மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் அவ்வளவு இறுக்கம், காற்றுகூடக் கசியாது. எல்லாவற்றுக்கும் மேல், சத்தமே கிடையாது. பக்கத்தில் நின்றாலும் கேட்காது. எனக்கு அதில்தான் பெருமை. ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமே என்பதற்காக முகப்பின் நட்டநடுவில், மிளகளவு ஒரு சிவப்பு விளக்கு வைத்தேன்.

லோகநாதன் சார் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரே ஒரு கடைல வெச்சுப் பாரு ஆக்னஸ். புரட்டாசி முடிஞ்சு மொத நாள் வியாபாரம் வரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட் வரக்கூடாது. வரலன்னா பொங்கலுக்குள்ள புரொடக்‌ஷன் லைன்ல ஏத்திடலாம். வந்துச்சோ, இந்தப் பேச்சையே எங்கிட்ட எடுக்காத."

என் நான்கு வருட வேலை ஒரு கடையில் போய் நின்றது. கரையான்சாவடியில் சாமுண்டீஸ்வரி அக்காவின் மீன் கடை. அந்தக் குடும்பத்து நிலத்தில் முன்பு நெல் விளைந்தது. இப்போது அங்கே நிற்கும் அடுக்குமாடிகளுக்கு அவர் மீன் விற்கிறார்.

புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சியை விட்டுவிடும்; காசிமேட்டில் விலை விழும். அக்கா மாதத் தொடக்கத்திலேயே வஞ்சிரமும் சங்கராவும் எறாவும் வாங்கிச் சுத்தம் செய்து பெட்டி நிறைய அடுக்கிவிடுவார். நவராத்திரி வந்துவிட்டால் வியாபாரம் நிறுத்தம். மீன் பக்கம் கையே வைக்க மாட்டார். ஐப்பசி ஒன்றாம் தேதி விடிந்தால் வாசலில் கூட்டம் நிற்கும். ஒரு மாதம் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தவர்கள் அல்லவா! அவருக்கு வருடத்தின் பெரிய வியாபாரமே அதுதான்.

"பழைய பொட்டிய பின்னால தள்ளிட்டேன் மா. மொத்த சரக்கையும் இதுலதான் போட்டு கீறேன், உன்ன நம்பி" என்றார்.

"நம்புங்க அக்கா. கரண்ட் போனாக்கூட ரெண்டு நாள் அசையாது" என்றேன். இந்த வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஆயுத பூஜை முடிந்த சில நாளில் பார்க்கப் போனேன். பெட்டி கல்யாணப் பெண் போல நின்றது. மேலே செவ்வந்தி மாலை, பின்சுவரில் மாவிலைத் தோரணம், முகப்பின் நடுவே உள்ளங்கையகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். எங்கள் வீட்டில் பூஜை கிடையாது என்றாலும் எஸ்டேட்டில் லேத் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துத் தரும் பொரிகடலையை வருடம் தவறாமல் தின்கிறவள் நான். என் பெட்டிக்கும் அந்த மரியாதை கிடைத்ததில் மனம் குளிர்ந்துபோனது.

வாசலில் அதற்கென்று தனியாகப் போட்டிருந்த மீட்டரைப் பார்த்தேன். முந்தைய தடவை பார்த்ததற்கு அது கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. நான் கணக்குப் போட்டதைவிடவும் குறைவு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, உள்ள தெர்மாமீட்டர் வெச்சிருக்கேன். ஒரு தடவ தொறந்து பார்த்துக்கட்டுமா?"

"ஐயோ, வேணா மா. பூஜ போட்டு கீது, கவுச்சி வாடை வந்துடும். ஒண்ணாந்தேதி தொறந்துக்கலாம்."

நானும் வற்புறுத்தவில்லை. திறக்காமல் இருந்தால் மீட்டர் இன்னும் குறைவாக ஓடும் என்று உள்ளுக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம். தெருவில் இறங்கியதும் லோகநாதனுக்குப் போன் போட்டேன்.

"பாதிக்கும் கீழயா?" என்றார். "நெஜமாவா? அப்ப ஒண்ணாந்தேதி நானே வரேன்."

அன்று சாயங்காலம் வானகரத்தில் என் ஃப்ளாட்டுக்குப் பிரியாணி வரவழைத்துத் தனியாக உட்கார்ந்து கொண்டாடினேன். நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

ஒன்றாம் தேதி மழை கொட்டியது. அப்படியும் குடையும் பையுமாக வாசல் நிறையக் கூட்டம். லோகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். அக்கா கற்பூரம் ஏற்றிக் காட்டி, சிரித்த முகமாக மூடியைத் தூக்கினார்.

அந்த நாற்றத்தை எழுத என்னால் முடியாது. கூட்டம் மொத்தமும் பின்வாங்கி மழையில் போய் நின்றது. பெட்டிக்குள் சாம்பல் நிறத் தண்ணீர். அதில் பைகள் ஊதிப்போய் மிதந்தன.

"இதையா எங்க தலைல கட்டப் பார்த்தே?" என்று ஒரு அம்மாள் கேட்டார். நெடுநாள் வாடிக்கைக்காரர். அக்கா, கூட்டம் எதிர்க்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே மூடியைப் பிடித்தபடி நின்றார்.

நான் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்தேன். வாடிய மாவிலைக்கு அடியில் சுவிட்ச் அணைந்து கிடந்தது.

"யாருக்கா ஆஃப் பண்ணது?"

"நான்தான் மா. ஆயுத பூஜைக்கு." அக்கா மூடியை இறக்கினார். "தராசு, மிக்ஸி, ஸ்கூட்டி எல்லாத்துக்கும் லீவு உட்டோம். இதுவும் பாவம், ராவும் பகலும் ஒழைக்குது, ஒரு நாளு இருந்துட்டு போட்டும்னு நென்ச்சேன். நீதானே சொன்னே, ரெண்டு நாளு தாங்கும்னு."

"மறுநாள் போடலையா?"

"எம் பொண்ணு பவித்ரா போட்டுருப்பான்னு நான் கீறேன். நான் போட்டுருப்பேன்னு அவ கீறா. பழைய பொட்டின்னா சத்தம் நின்னா தூக்கத்துலயே எழுந்துகினு போயி பாப்பேன். இது எப்பவுமே இப்டிதானே மா கீது?"

விளக்கு இருக்கிறதே, அதைப் பார்க்கக் கூடாதா என்று கத்த வாயெடுத்தேன். முகப்பைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றி மாதிரி நட்டநடுவில் நான் தேர்ந்தெடுத்து விளக்கு வைத்த அதே இடத்தில்தான் அக்காவும் பொட்டு வைத்திருந்தார். வேறு எங்கே வைப்பார்?

லோகநாதன் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உன் பொட்டி மேல தப்பு இல்ல ஆக்னஸ். ஆனா ஓடுதா நின்னுடுச்சான்னே தெரியாத பொட்டிய நான் எவங்கிட்ட போயி விக்கிறது? வுட்டுடு. வண்டி அனுப்பறேன், ஏத்தினு வந்துடு."

சரக்குக்கான நஷ்டத்தைக் கம்பெனி தரும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தலையாட்டினார். எதிர்க்கடையில் நின்றவர்களைக் கம்பெனியால் திருப்பித் தர முடியாது என்று அவர்கள் இருவருக்குமே தெரியும்.

மீனைக் குப்பை வண்டியில் அள்ளிப் போட்டு, பெட்டியைக் கழுவி முடிக்க மதியம் ஆனது. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அக்கா, இங்க வாங்க. ஓடுது பாருங்க."

ஏன் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. ஒருவராவது அது நல்ல பெட்டி என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அக்கா வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குனிந்து காதையும் வைத்தார்.

"ஒண்ணுமே தெரியலியே மா" என்றார், என்னை நோகடிக்கக் கூடாதே என்பது போல.

அப்போது பின்கட்டில் பவித்ரா பழைய பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தாள். அது உறுமி, குலுங்கி, தடதடவென்று ஓடத் தொடங்கியது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த அக்காவின் முகம் லேசாகத் தளர்ந்தது. கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார்.

வாசலில் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. நான் போய் என் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். கடையில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.