மரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்

சபா மாநிலத்தின் உள்காட்டில் நான்கு மாதமாக மழை இல்லை. மரங்கள் பச்சை இலைகளைக்கூட உதிர்த்துவிட்டு நின்றன. நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

எங்கள் வேலை மரத்தின் இடுப்பை அளப்பது. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஸ்பிரிங் வைத்த எஃகு நாடா ஒன்று இருக்கும். மரம் பருத்தால் நாடா நகரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எவ்வளவு நகர்ந்தது என்று குறிக்க வேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வின்சியா, அந்தப் பக்கம் நான்.

இந்த முறை நான் போகவில்லை. அத்தை மகன் கல்யாணத்தில் ஜாடிக்குள் மூங்கில் குழலை விட்டு மூன்று நாள் தாப்பாய் என்கிற அரிசிக் கள் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள், பழைய எண்களோடு மரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் கூட்டி எழுதிக் கொடுத்தேன். தாராள மனசு.

வின்சியாவின் தாளில் எல்லா மரமும் இளைத்திருந்தது.

மேலாளர் லியூ அந்தத் தாளை மேசையில் வீசினார். "மரம் எங்கயாவது இளைக்குமாம்மா? ஜூனிஸைப் பாரு, எவ்வளவு சுத்தமா அளந்திருக்கான். நீ வீட்ல உக்காந்து எழுதியிருக்க. நாளையோட நின்னுக்கோ."

ஜூனிஸ் நான்தான். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கள் நாற்றம் வரும். இன்னொரு காரணமும் இருந்தது.

வின்சியாவுக்கு அழுகை வராது. "பாஸ், நாலு நாள் தண்ணி குடிக்காம இருங்க, உங்க தொப்பை எங்க போகுதுன்னு பாப்போம். மரமும் உடம்புல வச்சிருக்கிற தண்ணியத்தான் எடுத்துக் குடிக்குது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அளங்க. மதியம் இன்னொரு தடவ. மாறலைன்னா நானே போயிடறேன்."

மறுநாள் காலை வின்சியா பக்கத்து மரம் ஒன்றை லியூ தன் கையாலேயே அளந்தார். பிறகு அந்த மரத்தடியிலேயே சோறும் பம்பாங்கான் என்கிற காட்டு மாங்காய் ஊறுகாயும் தின்றோம். ஒரு மணிக்கு மறுபடி அளந்தார். ஒரு மில்லி குறைந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று முறை பார்த்தார்.

"அதான் இலையெல்லாம் கொட்டிருச்சே, அப்பவும் பத்தலியா?"

"மிச்ச இலை குடிக்குதே பாஸ். ராத்திரி கொஞ்சம் ஊறும், வெயில் ஏறினா திரும்பச் சுருங்கும். மழை வந்தாத்தான் பழைய இடுப்பு."

லியூ மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்போ உன் மரம் மட்டும் எப்படிடா வளந்துச்சு?"

"அந்தப் பக்கம் மண்ணு ஈரம் பாஸ்."

ஆற்றை நடந்தே கடந்தோம். யாருக்கும் செருப்பு நனையவில்லை.

வின்சியா என் தாளில் விரலை ஓட்டினாள். "இருக்கிறதிலேயே நல்லா வளந்தது நூத்திப் பன்னண்டாம் நம்பர் மரம். மூணு மில்லி."

அது என் பைக் நம்பர். பாசத்தில் ஒன்று கூடப் போட்டிருந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் மேல் காளான் முளைத்து, அந்தக் காளானும் காய்ந்து போயிருந்தது.

வின்சியா குந்தி உட்கார்ந்து அதைத் தட்டிப் பார்த்தாள். "திட்டாதீங்க பாஸ். இது படுத்த வாக்குல வளர்ற ஜாதி. ஜூனிஸ் அண்ணன் மாதிரி."

லியூ சிரிக்கவில்லை. என் பலகையையும் பென்சிலையும் பிடுங்கி அவளிடம் கொடுத்தார். "அந்தப் பக்கத்தையும் நீயே பாத்துக்கோ."

நான் திரும்பி நடந்தேன். நான் எவ்வளவு தூரம் போய்விட்டேன் என்று இலை நொறுங்குகிற சத்தமே அவர்களுக்குச் சொல்லியிருக்கும். பின்னால் வின்சியாவின் குரல் கேட்டது.

"நூத்திப் பதிமூணு. நாலு மில்லி கம்மி."