வழிக்காவல் வண்டிக்கு டீசல்

அரிசித் தட்டு சுபலட்சுமியிடம் வந்த நேரத்தில் இடுப்பில் செருகியிருந்த செல்போன் மறுபடியும் அதிர்ந்தது. கவனிக்காதவள்போல வலது கையால் ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டாள். முன்னால் பெண்கள் ஒவ்வொருவராக அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரே மகள் கடைசியாகப் போடட்டும் என்று மலையம்மாள் அத்தை அவளை வரிசையின் கோடியில் நிறுத்தியிருந்தாள். அதன்பிறகு முகத்தை மூடிவிடுவார்கள்.

"சுருக்கா ஆகட்டும்த்தா! மயானத்துல மூணு மணிக்கு நேரம் வாங்கியிருக்கு. விட்டா அடுத்தாளு உள்ள போயிருவான்" என்று சித்தப்பா உக்கிரபாண்டி வாசலிலிருந்து விரட்டினார். சாவுக்கும் டோக்கன் வந்துவிட்ட ஊரில் அவர் சொல்வதும் நியாயம்தான்.

அப்பா காசிமாயன் காளவாசலில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். அம்மா போனபின் வீட்டில் அவரும் மகளும்தான். விடியற்காலையில் காப்பி கேட்டவர், காப்பி வருவதற்குள் போய்விட்டார்.

சுபலட்சுமிக்கு ஜெயிலில் கணக்குப் பிரிவில் வேலை. கைதிகளின் அரிசி பருப்பிலிருந்து வண்டிகளுக்கு டீசல் வரை அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். சென்னையிலிருந்து பணம் ஒதுக்கி உத்தரவு வந்தால் பில் பாஸாகும், வராவிட்டால் ஆகாது. வராததைச் சொல்லும் வாய் அவளுடையது என்பதால், ஜெயிலில் பூட்டுக்கு அடுத்தபடியாக எல்லோரும் வெறுத்தது அவளைத்தான். அவளோடு உட்கார்ந்து யாரும் சாப்பிட்டதில்லை. அப்பா மட்டும் தினமும் சோற்றைப் போட்டுக்கொண்டு, மழையை விசாரிப்பதுபோல விசாரிப்பார்: "என்னாத்தா, வந்துச்சா ஒங்க அலாட்மெண்டு?"

இன்றைக்குக்கூட ஆபீசுக்கு 'சொந்த வேலை, விடுப்பு' என்று மட்டும்தான் செய்தி அனுப்பியிருந்தாள். அப்பா இறந்ததைச் சொன்னால் சம்பிரதாயத்துக்காவது நாலு பேர் வர வேண்டியிருக்கும். வந்தால் வண்டிக்கு டீசல் கேட்பார்கள்.

போன் நிற்கவில்லை. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள். தலைமைக் காவலர் அழகுபாண்டி.

"மேடம், லீவுல இருக்கீங்கன்னு தெரியும். நம்ம கைதி காளையோட அம்மா இறந்துருச்சு, வாடிப்பட்டிப் பக்கம். எமர்ஜென்சி லீவு கையெழுத்தாயிருச்சு, எஸ்கார்ட்டும் ரெடி. வண்டியிலதான் டீசல் இல்ல. பங்க்குல கடனுக்குப் போட மாட்டேங்குறாங்க."

"நானே கைக்காசு அனுப்புறேன்னு சொல்லுங்க, அண்ணே."

"அதயும் கேட்டுட்டேன் மேடம். எந்தக் காசு வந்தாலும் பழைய பாக்கியிலதான் வரவு வைப்பாங்களாம். அக்கவுண்ட் இருக்குற பங்க்க விட்டு வேற பங்க்குக்கும் போக முடியாது. அங்க பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருவாங்களாம். கொள்ளி வைக்க இவன் ஒருத்தந்தான். காலையிலருந்து ஜெயில் கேட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கான்."

வரிசையில் இன்னும் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். ஒரு நிமிஷப் பேச்சு, வந்துவிடலாம் என்று நினைத்தாள். அரிசிக் கையை மூடிக்கொண்டு, ஆட்களை விலக்கிக் கொல்லைப்புறம் போனாள். "செத்த வீட்டுலயும் போனு" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

பங்க் மேனேஜர் ஜெரால்ட் உடனே எடுத்தார். எடுத்ததும் தன் பாட்டைத் தொடங்கிவிட்டார்.

"மேடம், எம்மேல கோவப்படாதீங்க. மூணு மாச பில்லு நிக்கிது. ஒரு சொட்டுக்கூட அடிக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. இப்ப அடிச்சேன்னா என் சம்பளத்துலதான் பிடிப்பாரு."

"இன்னைக்கு ஒரு வண்டிக்கு மட்டும் அடிச்சு விடுங்கண்ணே. அலாட்மெண்ட் வந்துரும். வந்ததும் மொத பில்லு ஒங்களுது. நான் பொறுப்பு."

முன்வாசலில் கொட்டு உச்சத்துக்கு ஏறியது.

"இம்புட்டு வருசத்துல நீங்க ஒரு தடவைகூட வந்துரும்னு சொன்னதில்லையே மேடம். எப்பக் கேட்டாலும் தெரியாதுன்னுதான சொல்லுவீங்க."

அவளுக்கு இப்போதும் தெரியாதுதான்.

"அங்க என்ன மேடம், கொட்டுச் சத்தமா இருக்கு?"

"பக்கத்துல ஒரு சாவுண்ணே."

"அப்படியா. சரி, வண்டிய வரச் சொல்லுங்க. நீங்க சொல்றீங்கன்னு அடிக்கிறேன்."

அழகுபாண்டியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகியபோதுதான், கொட்டுச் சத்தம் இடம் மாறியிருப்பது உறைத்தது. உள்ளே ஓடினாள். ஐஸ் பெட்டி மூடி திறந்து கிடந்தது. அடியில் தேங்கிய தண்ணீர் பழைய பாயை நனைத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் யாருமில்லை.

தெருவுக்கு வந்தாள். பெண்களெல்லாம் முக்கில் நின்றிருந்தார்கள். அதற்கு மேல் பெண்கள் போகும் வழக்கமில்லை. அமரர் ஊர்தி மெயின்ரோட்டு நெரிசலுக்குள் நுழைந்து, ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தது.

"எங்கத்தா போயிட்ட? தேடுனோம்ல" என்றாள் மலையம்மாள் அத்தை.

"நான் இன்னும் போடலத்தே."

"என்னாது?"

"வாய்க்கரிசி."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. "ஒஞ்சித்தப்பன் கேட்டான்டி, மக போட்டுட்டாளான்னு. நீ தட்டுல கைய விட்டு அரிசி எடுத்தத நாந்தான பாத்தேன். போட்டுட்டான்னு சொல்லிட்டேனே... போனப் போட்டு வண்டிய நிப்பாட்டச் சொல்லவா?"

"வேணாம்த்தே. நேரம் வாங்கியிருக்குல்ல."

தனியாக இருப்பது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இத்தனை பேர் சூழ நின்று, ஒருத்தரிடமும் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது இன்றைக்குத்தான். நடந்ததைக் கேட்டால் ஒருவர் சிரித்திருப்பார், திட்டியிருப்பார், பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தக் காளை போய்ச் சேர்ந்தானா என்று கேட்டிருப்பார். அவர் மெயின்ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருத்தி கூடத்தைக் கழுவிவிடத் தொடங்கினாள். மற்றவர்கள் குளிக்கக் கொல்லைப்புறக் குழாயடிக்குப் போனார்கள். போன் மறுபடி அதிர்ந்தது. அழகுபாண்டி எழுதியிருந்தார்: 'வண்டி கெளம்பிருச்சு மேடம். அவன் உங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொன்னான்.'

போனை ஜன்னல் மேல் வைத்துவிட்டுச் சுபலட்சுமி குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு கையாலயும் மொண்டு ஊத்துத்தா, தலை நனையவே இல்ல பாரு" என்றாள் பக்கத்தில் நின்ற அத்தை.

சுபலட்சுமி தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, வலது கையை மூடியபடி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையாலேயே மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள்.