இடையில் ஓர் ஆள்

...சர்க்கரைப் புண்காரர்களெல்லாம் எங்கே போனார்கள், ஊரே குணமாகிவிட்டதா என்ன, விரிப்பை இழுத்துச் செருகியபடி நர்ஸ் வாசிதி நினைத்தாள், போன வருடம் இதே வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டோம், விரல் கறுத்தவர்கள், பாதம் வீங்கியவர்கள்... இப்போது கொரோனாக் கட்டடத்தில்தான் கால் வைக்க இடமில்லை, இங்கே வரிசையாகக் காலிக் கட்டில்கள். "பாத்தியா, நம்ம சுவா ஊர்ல எல்லாரும் சர்க்கரையை விட்டுட்டாங்க," என்று கூட வேலை செய்யும் கிரண் அந்தக் கட்டடத்துக்குக் கிளம்பும்போது கிண்டலடித்தாள், இவளும் சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம். சர்க்கரைக்காரரான அண்ணன் அபகுகிக்குக் காலில் கீறல் என்று மெரெவாய் அண்ணி போனில் சொன்னது எப்போது, மழைக்கு முன்பா, பின்பா, மீன்பிடிக்கப் போன இடத்தில் பவளப்பாறை கிழித்துவிட்டதாம்... அண்ணனிடம் நேராகக் கேட்க முடியாது, எங்கள் வழக்கப்படி வயதுக்கு வந்த நாள்முதல் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை, அதுதான் மரியாதை, இடையில் எப்போதும் ஓர் ஆள் வேண்டும், முதலில் அம்மா, பிறகு அண்ணி. "இப்ப ஆஸ்பத்திரிப் பக்கமே வராதீங்க அண்ணி, ஒரே கூட்டம், நோய் ஒட்டிக்கும், அவர்கிட்டயும் சொல்லிடுங்க," என்று அண்ணியிடம் இவள்தான் சொன்னாள். எல்லோரிடமும் அப்படித்தானே சொன்னோம், ரேடியோவிலும் அதையேதான் சொன்னார்கள்... புண் எவ்வளவு ஆழம் என்று அண்ணியிடமாவது கேட்டிருக்கலாம்.

சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தவன் அண்ணனைக் கட்டிலில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். உறவுக்காரர்களுக்கு அனுமதியில்லை, அண்ணி வெளிக்கதவோடு நிறுத்தப்பட்டிருப்பாள். அவர் இடுப்பில் கட்டியிருந்த சுலுத் துணியை விலக்கினாள், இலைக்கட்டை அவிழ்த்தாள், கணுக்கால்வரை கறுப்பு. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆளே மிஞ்சமாட்டார், சம்மதம் கேட்டு வை என்று, இவள் சொன்ன விவரத்தைக் கேட்ட டாக்டர் போனில் சொல்லிவிட்டார். யாரை விட்டுக் கேட்க வைப்பது, எப்படி... அண்ணன் சுவரிடம் சொல்வதுபோல, "கூட்டம் குறையட்டும்னு இருந்தோம்," என்றார். அவர் பார்வை காலிக் கட்டில்கள்மேல் ஒவ்வொன்றாகப் போவதை வாசிதி பார்த்தாள், இத்தனை நாளும் இவை இப்படியேதான் கிடந்தன என்று அவரிடம் யார் சொல்வது, காலைப் பற்றி யார் சொல்வது, இவ்வளவு நீள வார்டில் இடையில் நிற்க ஓர் ஆள் இல்லை. பேசித்தான் ஆக வேண்டும்... எதைச் சொல்லித் தொடங்குவது, சின்ன வயதில் இவரை ஏதோ செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டாளே, வாயைத் திறந்தாள், அந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லை.