குட்டைப் பட்டாணிக்கு ஒரு டின் மண்

நாகம்மாவுக்கு வேண்டியதெல்லாம் ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி. கடைப் பட்டாணி இல்லை. ஓசூர் சந்தையில் கூடை கூடையாய்க் கொட்டிக் கிடக்கிறதே, அதை யார் கேட்டார்கள்? அவளுடைய மண்ணெண்ணெய் டின்னுக்குள் இருக்கிற மண்ணில் விளைந்து வர வேண்டும். அது அவள் பிள்ளையைப் புதைத்த இடத்து மண்.

கேட்கிறவர்களுக்குத் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் பெற்ற வயிறு எதைத்தான் யோசித்துச் செய்கிறது?

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டி, அவளுக்கும் அவள் புருஷன் முனிசாமிக்கும் கொஞ்சம் கொல்லை இருந்தது. கோவிந்தன் என்று ஒரே பிள்ளை. நாலு வயதில் அம்மை வார்த்துப் போய்விட்டான். அவர்கள் வழக்கத்தில் சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. சொந்தக் கொல்லை ஓரத்திலேயே குழி வெட்டிப் புதைத்து, நரி தோண்டாமல் மேலே முள்ளை வெட்டிப் போட்டு மூடுவார்கள். ஆம்பிளைகள் மட்டும்தான் போக வேண்டும். பெற்றவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் கூடாதாம். நல்ல வழக்கம் போங்கள்! பத்து மாசம் சுமந்தவளுக்கு மட்டும் அங்கே பாத்தியதை இல்லை.

அடுத்த வருஷம் ஆற்றின் குறுக்கே அணை எழும்பியது. கொல்லை தண்ணீருக்குள் போகும் என்று சொல்லிவிட்டார்கள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிற்று. வண்டி ஏறுகிற அன்றைக்கு விடியற்காலையில் நாகம்மா முள்ளை விலக்கி, அந்த இடத்து மண்ணை ஒரு டின் நிறைய அள்ளினாள். மேலே ஒரு துளசிக் கன்றை நட்டு, துளசிதான் என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டாள். அம்மையில் போன பிள்ளையின் மண் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்தால் முனிசாமி வழியிலேயே கவிழ்த்திருப்பான். அவன் கெட்டவன் இல்லை. பயந்த மனுஷன்.

மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் திறந்த இடம். முனிசாமிக்கு லாரியில் காய்கறி மூட்டை ஏற்றுகிற வேலை. துளசி வந்த வாரத்திலேயே வாடிப்போயிற்று. அதற்குள் அங்கே கொல்லையின் மேல் தண்ணீர் ஏறிவிட்டதாக ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். இனி உலகத்தில் அவள் பிள்ளையின் மண் என்று இருப்பது அந்த ஒரு டின்தான்.

அதில் பட்டாணி போட வேண்டும் என்று அவளுக்கு ஏன் தோன்றியது என்றால், கோவிந்தனுக்குப் பட்டாணி என்றால் உயிர். முனிசாமி ஓசூருக்கு வண்டி கட்டிப் போகிறபோதெல்லாம் வாங்கி வருவான். உரித்துக் கொடுக்கிற வரைக்கும் பொறுக்காமல் தோலோடு கடித்துக்கொண்டு ஓடுவான் பயல். அவன் மண்ணில் விளைந்ததை அவனுக்கே ஒரு தரம் படைத்துவிட்டால் போதும், மனசு ஆறிவிடும் என்று நினைத்தாள்.

முதல் வருஷம் விஷயம் தெரியாமல் உயரப் பட்டாணியைப் போட்டுவிட்டாள். அது என்னடாவென்றால் சுவரைத் தாண்டி ஓட்டின் மேல் கையை நீட்டிற்று. வேர் டின் முழுக்கச் சுற்றிக்கொண்டது. ஒருநாள் அடித்த காற்றில் கொடி டின்னையே இழுத்துச் சாய்த்துவிட்டது. நாகம்மா விழுந்தடித்து ஓடிவந்து, சிந்திய மண்ணைத் துடைப்பத்தால் ஒரு துளி விடாமல் கூட்டி அள்ளினாள். பூக்கூடப் பூக்காமல் கொடி காய்ந்துபோயிற்று.

மறு வருஷம் குளிர் தொடங்கினதும் விதைக்கடை மெஹபூப் பாஷாவிடம் போய் நின்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"டின்னுல வெக்கறேன்னு போன வருசமே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? விரலுக்குத் தக்க வீக்கம்னு சும்மாவா சொன்னாங்க? ஆள் ஒசரம் ஏறுற கொடிக்கு அதுல வேரு விட எடம் ஏது? உனக்குக் குட்டைப் பட்டாணிதான் சரி. முழங்காலுக்கு மேல போவாது. நாலு சுள்ளி நட்டு உட்டா ஒண்ண ஒண்ணு புடிச்சிகினு நிக்கும். காய் கொஞ்சம்தான், ஆனா சுருக்கா வந்துரும்."

இரண்டு தினுசு குட்டை விதையைக் கையில் கொட்டிக் காட்டினார். ஒன்று வழவழவென்று உருண்டை. இன்னொன்று சுருங்கிக் கிடந்தது.

"உருண்டை நல்ல தெம்பு. எந்த மண்ணுலயும் பொழச்சிக்கும். ருசி சுமாருதான். சுருக்கு விதை சக்கரை மாதிரி இனிக்கும். ஆனா சொகுசு கேக்கும். மண்ணு பொலபொலன்னு இருக்கணும். டின்னுக்கு உருண்டையே எடுத்துக்க."

நாகம்மா சுருங்கின விதையைத் தொட்டாள்.

"இதையே குடுங்க பாய். புள்ளைக்கு இனிப்புதான் புடிக்கும்."

"எத்தினி புள்ளைங்க?"

"ஒண்ணுதான் பாய்."

மெஹபூப் பாஷா ஒரு சிட்டிகை விதையைக் கூடவே போட்டுக் கொடுத்தார்.

விதை முளைத்தது. அடேயப்பா, அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டாள், சுள்ளி நட்டாள், காலையில் வேலைக்குப் போகிறபோது செடியிடம் சொல்லிவிட்டுப் போவாள், வந்ததும் விசாரிப்பாள். முனிசாமி சுவரோரம் பீடி குடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்ப்பான். பிள்ளை போனபிறகு வீட்டில் அவள் சிரித்து அவன் பார்த்தது அப்போதுதான். என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை. செடி வளர்க்கிறாள், வளர்க்கட்டும் என்று இருந்தான்.

வெள்ளைப் பூ பூத்தது. நாலு பிஞ்சும் விட்டது. ஆனால் தோல் பருத்ததே தவிர உள்ளே மணி பிடிக்கவில்லை. இலை கீழிருந்து மஞ்சளடித்துக்கொண்டே வந்தது. நாகம்மா ஒரு காயைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கடுகளவுகூட இல்லை. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை.

"மண்ணு செத்துப்போச்சும்மா," என்றார் பாஷா, அவள் கடைக்கு வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு. "கல்லு மாதிரி இறுகிப்போச்சுன்னு நீயே சொல்றியே. கொட்டிட்டு வேற மண்ணு போடு. இப்பப் போட்டாலும் குளிர் முடியறதுக்குள்ள காய் எடுத்துருவே."

"மண்ண மாத்த முடியாது பாய்."

"நல்ல கதையா இருக்குதே! மண்ணு என்ன, சீதனமா?"

அவள் இன்னும் ஒரு சிட்டிகை சுருங்கின விதையை வாங்கிக்கொண்டு போனாள். மேல்மண்ணில் கொஞ்சம் சாம்பலும் எருவும் கலந்து பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். மனசு கேட்காமல் பாஷா, லாரி நிற்கிற இடத்தில் முனிசாமியைப் பார்த்தபோது, டின் மண்ணை மாற்றச் சொல்லிவிட்டார். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, களை வெட்டுகிற வேலை முடிந்து பொழுது சாய நாகம்மா வீட்டுக்கு வந்தாள். முனிசாமி பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வா, வா! இங்க வந்து பாரு!"

டின் நிறையக் கறுகறுவென்று புது மண். ஈரம் மின்னிற்று.

"ஏரி வண்டலு, மக்கின எரு, கொஞ்சம் மணலு. பாய் சொன்ன கணக்குல கலந்தேன். வெதையும் போட்டுட்டேன். இந்த தடவ காய்க்கலன்னா என்னைக் கேளு!"

"பழைய மண்ணு?" என்றாள்.

"அத வெச்சிகினு என்ன பண்றது? பக்கத்துல கிருஷ்ணப்பன் செவுரு வெக்கறான் இல்ல, மண்ணு பத்தலன்னான். கொண்டுபோய் அவன் சேத்துல கொட்டிட்டேன். சும்மா நிப்பானேன்னு நானே எறங்கி மிதிச்சும் குடுத்தேன். மத்தியானத்துக்குள்ள செவுரு இடுப்பு ஒசரம் வந்துருச்சு." அவன் காலை நீட்டினான். "சரி, காலுக்குத் தண்ணி ஊத்து."

நாகம்மா பழக்கத்தில் சொம்பை எடுத்துவிட்டாள். குனிந்து பார்த்தாள். முழங்கால் வரைக்கும் சேறு அப்பிக் காய்ந்து, வைக்கோல் துணுக்கு ஒட்டிக்கொண்டு வெடிப்பு விட்டிருந்தது.

அவளால் ஊற்ற முடியவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவன் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையை விரித்து, காய்ந்த சேற்றை நகத்தால் மெள்ள மெள்ளச் சுரண்டினாள்.

"ஏய், என்னா பண்ற? கூசுது, உடு!" என்று முனிசாமி சிரித்தான்.

"முள்ளு வெட்டிப் போட்டு மூடிட்டு வந்தீங்களே," என்றாள் அவள், நிமிராமல். "அங்க அள்ளினது. நம்ம கோயிந்து மண்ணு."

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. குழி வெட்டினவன் அவன். பிள்ளையை இறக்கினவன் அவன். மண்ணைத் தள்ளினவனும் அவன்தான். அவனுக்கு விளக்கிச் சொல்ல என்ன இருக்கிறது? தரையில் ஊன்றியிருந்த இடது காலைச் சுட்டுவிட்ட மாதிரி மேலே தூக்கிக்கொண்டான். அந்தக் காலை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கல்லின்மேல் வைக்கப் போனான், வைக்கவில்லை. அந்தரத்தில் பிடித்தபடியே, "ஐயோ, என் சாமீ!" என்று வாய்விட்டுக் கதறினான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிருஷ்ணப்பன் என்ன, என்ன என்று கேட்டான்.

நாகம்மா முந்தானையில் சேர்ந்ததை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

"அந்தக் காலையும் குடுங்க," என்றாள்.