முப்பது செகண்டு அசையாதவர்

மன்னவனூர் ஜெயமுருகன் ஆறு வருஷம் ஒரு போட்டோவுக்குள் குடியிருந்தார். கிழக்கே ஒற்றை யூகலிப்டஸ் மரம், மேற்கே மோட்டார் அறை, முன்னால் வரப்பு, பின்னால் கல்குவியல், நடுவில் முக்கால் ஏக்கர் மலைப்பூண்டு. இதைத் தாண்டி ஓர் அடி வைக்க அவரால் முடியாது. அங்கே சுவரும் கிடையாது, வேலியும் கிடையாது. நாய் போய் வந்தது, காட்டெருமை போய் வந்தது, அவர் கால் மட்டும் போகாது. அவர் தலைக்கு மேலே மூன்று எரிநட்சத்திரங்கள் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தன. பகலில் அவை சாக்பீஸ் கோடாகத் தெரியும். ஊர் ஒரு வாரம் அண்ணாந்து பார்த்தது. அப்புறம் உருளைக்கிழங்கு தோண்டுகிற சோலி வந்ததும் குனிந்துகொண்டது.

எல்லாம் வீம்பால் வந்தது. 2017 கார்த்திகைக் கடைசியில், அவர் மனைவி ஜோதிமணியின் தம்பி கதிர்வேல் பழனி அடிவாரத்தில் புதுவீடு கட்டி, பால்காய்ச்சுப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைக்காத வீட்டுக்கு அக்காள் புருஷன் எந்த மூஞ்சியோடு போவது? "செல்போனுலதான கூப்பிட்டான், செல்போனக் கொண்டுபோய் பந்தியில ஒக்கார வையி. நான் வரல" என்றார் ஜெயமுருகன். ஜோதிமணி வெள்ளனே எழுந்து பையைக் கட்டினாள். மகள் ஸ்வேதா காலேஜ் படிப்புக்காக ஏற்கெனவே மாமன் வீட்டில்தான் இருந்தாள். "அப்ப என்னையும் நேர்ல வந்து கூப்பிட்டாத்தான் வருவேன், கேட்டுக்கிருங்க" என்று சொல்லிவிட்டு ஜோதிமணி முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவர் பன்றிக்குக் காவலாக மோட்டார் அறையில் படுத்திருந்தபோது, கொடைக்கானல் நாயுடுபுரத்து ஸ்டூடியோக்காரர் கோகுல்ராஜ் கேமராவோடு வந்தார். கல்யாணமும் காதுகுத்தும் எடுத்து அலுத்துப்போய், டிசம்பருக்கு டிசம்பர் வரும் எரிநட்சத்திர மழையை ஒருதரமாவது எடுத்துவிட வேண்டும் என்று கிறுக்குப் பிடித்து அலைந்த மனுஷன். டவுன் வெளிச்சம் எட்டாத இடம் தேடி இங்கே வந்தவர், அடியில் ஓர் ஆள் நின்றால் படம் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தார். "அண்ணே, முப்பது செகண்டு கேமரா திறந்திருக்கும். கொஞ்சங்கூட அசையாதீங்க" என்றார். மற்றவர்கள் என்றால் மூச்சு விடுவார்கள், குளிரில் நடுங்குவார்கள், லேசாகக் கலங்கித்தான் படத்தில் விழுவார்கள். ஜெயமுருகன் காலையிலிருந்து நெஞ்சில் கட்டிவைத்திருந்த வீம்போடு நின்றார். கண்ணிமைகூட ஆடவில்லை. மூன்று நட்சத்திரமும் அவருமாகப் படம் அச்சு அசலாக விழுந்தது. விடிந்ததும் அவர் மனசு இளகிவிட்டது. போய்க் கூப்பிட்டுத் தொலைப்போம் என்று முகம் கழுவி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மரத்தடியில் கால் நின்றுவிட்டது.

போன் போட்டார். "போட்டோவுல மாட்டிக்கிட்டேன்டி, நகர முடியல" என்றார். "குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஜோதிமணி வைத்துவிட்டாள். லீவில் ஸ்வேதா வந்தாள், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அழுதுகொண்டே திரும்பிப் போய் அம்மாவிடம் சொன்னாள். ஜோதிமணி மகளை நம்பினாள். "உங்கப்பாவுக்கு வீம்பு வந்துட்டா வானமே எறங்கி ஒத்தாசை பண்ணும். அவரா வரட்டும்" என்றாள். அதையும் தப்பென்று சொல்ல முடியாது.

பக்கத்துக் காட்டுக் காளியாயிதான் அரிசியும் உப்பும் கொண்டுவந்து கொடுத்தாள். "ஏலே முருகா, மூணுல ஒண்ணாச்சும் கீழ விழுந்து இந்தப் பன்னியளக் கொல்லுதா பாரு. சும்மா வேடிக்கை காட்டிக்கிட்டுக் கெடக்கு" என்று வானத்தைத் திட்டிவிட்டுப் போவாள். ஜெயமுருகனுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, தூக்கத்துக்குத்தான் குறைவு. ஜோதிமணி தூக்கத்தில் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். அது காதில் விழாமல் அவருக்குக் கண் மூடவில்லை. கோகுல்ராஜுக்கோ குற்ற உணர்ச்சி. படத்தை அழித்துவிடலாம் என்று பட்டனில் விரல் வைத்தார். ஜெயமுருகனின் இடது கை மறைய ஆரம்பித்ததும் பதறி எடுத்துவிட்டார். அடுத்த டிசம்பரில் மறுபடி எடுத்துப் பார்க்க வந்தார், மூடுபனி. அதற்கடுத்த டிசம்பரில் அவரை மரத்தடியில் நிறுத்தி, மரத்துக்கு அந்தப் பக்கமும் விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்தார். இருபது மீட்டர் இடம் கூடக் கிடைத்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டார். "பழனி நூறு கிலோமீட்டர்ண்ணே. வருஷத்துக்கு இருபது மீட்டர்னா ஐயாயிரம் வருஷம் ஆகும்." "அவ கோவம் அதுக்கு மேலயும் நிக்கும் தம்பி" என்று சிரித்தார் ஜெயமுருகன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

கொரோனாவில் ஒரு டிசம்பர் போயிற்று. பிறகுதான் கோகுல்ராஜுக்குப் புத்தியில் பட்டது. அசையாமல் நின்றுதானே மாட்டினார், அதே இடத்தில் அசைந்தால் கலைந்து வெளியே வந்துவிடலாமே! இரண்டு டிசம்பர் முயற்சி நடந்தது. "கையை உதறுங்கண்ணே, ஆடுங்கண்ணே" என்று கோகுல்ராஜ் கத்துவார். ஜெயமுருகனும் ஆடத்தான் நினைப்பார். கேமரா திறந்த சத்தம் கேட்டதும் உடம்பு விறைத்துக்கொள்ளும். தன் உடம்பின் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது.

2023இல் ஸ்வேதாவுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமானது. மார்கழி பிறப்பதற்குள் பத்திரிகை வைத்தாக வேண்டும். எரிநட்சத்திர மழை நாளன்று கடைசி பஸ்ஸில் ஜோதிமணி வந்து இறங்கி, வரப்பு மேலே நடந்து வந்தாள். கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை. அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். "எங்க பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். நேர்ல வந்து அழைக்கிறோம். அவசியம் குடும்பத்தோட வந்துருங்க" என்றாள். தட்டை அவர் கையில் வைத்துவிட்டு ஒதுங்கிப் போய், கோகுல்ராஜ் நிறுத்தி வைத்திருந்த கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கோகுல்ராஜ் என்ன செய்வதென்று தெரியாமல், கைப்பழக்கத்தில் கேமராவைத் திறந்துவிட்டார்.

குடும்பத்தோடு வரச் சொல்கிறாள்! பெற்ற தகப்பனுக்குப் பத்திரிகை! முதலில் தட்டில் பாக்கு உருண்டது. பிறகு கை நடுங்கியது, தோள் குலுங்கியது, ஐம்பது வயது மனுஷன் வாய்விட்டு ஓவென்று அழுதார். முப்பது செகண்டுக்கு அப்புறமும் அழுதார். படத்தில் அவர் நின்ற இடத்தில் ஒரு கலங்கல்தான் இருந்தது. விடிந்ததும் மரத்தைத் தாண்டி, அந்த இருபது மீட்டரையும் தாண்டி நடந்தார்.

நேரில் பார்த்தாலும் அன்றிலிருந்து அவர் கலங்கலாகத்தான் தெரிந்தார். முகத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் ஹோமப் புகை கண்ணில் பட்டதாக நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஜெயமுருகன் கதிர்வேல் வீட்டு வாசலில் நின்று, ஊரே கேட்கும்படி, "ஜோதி, வீட்டுக்கு வா" என்றார். அவள் உள்ளே போனாள். கால் மணி நேரம் நின்றார். வெளியே வந்தபோது அவள் கையில் பை இருந்தது, முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

கொடைக்கானல் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் அவள். கண்டக்டர் ஜன்னல் பக்கம் ஒருதரம் உற்றுப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டார், ஜோதிமணியிடம் கேட்டார்.

"ஒரு டிக்கெட்டாம்மா, ரெண்டா?"

"ரெண்டு" என்றாள் ஜோதிமணி.