பெட்டிக்குப் போன எறும்புகள்

"சர்க்கர டப்பாவ நீதான் சரியா மூடியிருக்க மாட்டே" என்று அம்மா கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். சனிக்கிழமை மதியம். கண்ணாடிக் கடையில் அரைநாள் வேலை முடித்து வந்த நான் இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. இந்த வீட்டில் எறும்பு வந்தாலும் நான்தான் காரணம், மழை வராவிட்டாலும் நான்தான் காரணம். பத்து நாளாக அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சாக்பீஸால் கோடு கிழித்தேன், மஞ்சள்தூள் தூவினேன், தோட்டத்துக் குழாயடியில் இருந்த புற்றில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். இரண்டு நாள் காணாமல் போய், மூன்றாம் நாள் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன.

கடைசியில், அன்று கடையிலிருந்து வரும் வழியில் செடிமருந்து விற்கிறவரிடம் போய் நின்றேன். ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள் கொடுத்து, சர்க்கரைப் பாகில் கலந்து பாட்டில் மூடியில் வைக்கச் சொன்னார். "நெறைய போட்ராதீங்க மேடம். ஸ்பூன் நுனியில எடுத்தா போதும். வழியிலயே செத்துட்டா பிரயோஜனமில்ல. அது வீட்டுல இருக்கறதுகளுக்குக் கொண்டு போய்க் குடுக்கணும். எங்கேர்ந்து எங்க போகுதுன்னு மொதல்ல பாருங்க, அந்த வழியில வைங்க."

எனக்கு எறும்பு மட்டுமே கவலையாக இருந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு மாதத்தில் அம்மா நான்கு கிலோ இறங்கிவிட்டிருந்தாள். போன வாரம் டாக்டர் எடைக்கருவியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்ல இவங்களுக்கு சாப்பாடு குடுக்கறீங்களா? இன்னும் ரெண்டு கிலோ கொறஞ்சா அட்மிட் பண்ணிடணும்" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமை தவறாமல் பேரீச்சை, பாதாம், உலர்ந்த திராட்சை, பிஸ்கெட் என்று வாங்கி வந்து கொட்டுகிறேன். கேட்டால், "எல்லாம் சாப்பிட்டேன்" என்பாள். தட்டும் காலியாகத்தான் இருக்கும். தம்பி போனில், "அம்மாவ கொஞ்சம் நல்லா பாத்துக்கக்கா" என்று உபதேசம் செய்தான். அவன் இந்த வீட்டுப்பக்கம் எட்டிப் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது.

பாகைக் கலந்து மூடியில் எடுத்துக்கொண்டு எறும்புகளின் பின்னாலேயே போனேன். குழாயடியிலிருந்து சமையலறை ஜன்னல் வழியாக வந்தன. சர்க்கரை டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். கூடத்துச் சுவரோரமாகவே போய், அம்மாவின் அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டிக்குள் இறங்கின. நான் குனிந்ததுமே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அதத் தொடாத. பழைய துணி" என்றாள். வெளியே இழுத்துத் திறந்தேன்.

பிரிக்காத பிஸ்கெட் பாக்கெட்டுகள். மாத்திரை டப்பாவில் பாதாம். கைக்குட்டையில் முடிந்த திராட்சை. பேரீச்சையின் மேல் எறும்பு கறுப்பாக அப்பிக் கிடந்தது. என் எட்டு சனிக்கிழமைகளும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

"யாருக்கும்மா இதெல்லாம்?"

"தம்பி வந்தா வெறுங்கையோடவா அனுப்பறது? புள்ளைங்களையும் கூட்டிட்டு வருவான்ல."

"உனக்குன்னு நான் வாங்கிட்டு வந்ததும்மா."

அம்மா என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "உனக்கென்னடி. நீ இங்கயேதான இருக்கே."

நாற்பத்தாறு வயதில், எதிரில் இல்லாத தம்பியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதற்காக வெட்கப்படவும் செய்தேன். எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டேன். "அந்த பாக்கெட் பிரிக்கவேயில்ல, அத மட்டும் வெய்யி" என்று கெஞ்சினாள். எனக்காக ஒருநாளும் அந்தக் குரலில் பேசியதில்லை. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கட்டிலடியிலேயே மருந்து மூடியை வைத்தேன். எறும்புகள் சுற்றி வந்து மொய்த்தன, வயிறு புடைக்க எடுத்துக்கொண்டு வரிசையாகத் தோட்டத்துக்குத் திரும்பின. வியாழக்கிழமை ஒன்றுகூட இல்லை. "தானா போயிருக்கும்" என்றாள் அம்மா.

அடுத்த சனிக்கிழமையும் பேரீச்சை வாங்கினேன். வாங்காமல் எப்படி இருப்பது, திங்கட்கிழமை எடை பார்க்கப் போக வேண்டும். இந்த முறை போலீஸ்காரி மாதிரி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்றை வாயில் போட்டு மென்றாள். இரண்டாவதையும் மென்றாள். மூன்றாவதை எடுத்தபோது அடுப்பில் பால் பொங்கும் வாசம் வந்தது. ஓடினேன்.

அணைத்து, துடைத்துவிட்டு வந்தபோது தட்டு காலி. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணையோரம் வலது கை இறுக மூடியிருந்தது, விரலிடுக்கில் பிசுக்கு. எங்கிருந்தோ வந்த ஒற்றை எறும்பு அவள் மணிக்கட்டில் ஏறி, கட்டைவிரலைச் சுற்றிச் சுற்றி, உள்ளே போக வழி தேடிக்கொண்டிருந்தது.