யாருடைய முழங்கால்?

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே, ஆடுகிற மரப்படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் அலுவலகம். அதன் ஒரு சுவர் முழுக்க ஒரே ஒரு பெரிய தாள். அதில் பன்னிரண்டு மாதங்கள். மழை மாதங்களுக்கு நீலம், வெயில் மாதங்களுக்குப் பழுப்பு. காட்டுக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிற தொழிலுக்கு அந்தத் தாள்தான் எல்லாம். எந்தப் பாதை எந்த வாரம் திறக்கும், எந்தச் சுனை எப்போது வற்றும், எந்த மாதத்திலிருந்து ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டே நடக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்து அதை நிரப்புகிறவளை எல்லோரும் காலண்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் அவள் அந்தக் காட்டுக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. நேரமில்லை என்று அவள் சொல்வாள். அட்டைப்பூச்சிக்குப் பயம் என்று அவள் கணவர் சொல்வார். இரண்டுமே உண்மைதான்.

நீலத்துக்கும் பழுப்புக்கும் நடுவே இரண்டே இரண்டு வாரம் இருக்கிறது. அப்போது ஆறு கடக்கிற அளவுக்கு இறங்கியிருக்கும். ஆற்றுக்கு அப்பால் இருக்கும் அருவியிலோ தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த இரண்டு வாரத்தில் போகிற பயணத்துக்கு 'முதல் நடை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்த வருடம் முதல் நடையை நடத்தப்போவது பொடிசு. கணவரின் தங்கை, அதாவது காலண்டரம்மாவின் நாத்தனார். வயது முப்பதைத் தொட்டாகிவிட்டது, உயரம் ஐந்தடியைத் தொடவில்லை. நாலு வருடமாக வரிசையின் கடைசி ஆளாக நடந்து, கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறவர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் ஓட்டிக்கொண்டு வருகிறவள். முதல் நடைக்கு மட்டும் அவள் போனது கடைசி இரண்டு வருடம்தான், அண்ணன் நடத்தியபோது. ஒரு தடவையாவது முன்னால் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, போன மாதம்தான் அண்ணனிடம் சம்மதம் வாங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கணவர் பயண நோட்டுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"முதல் நடையைப் பட்டியல்லேருந்து எடுத்துடும்மா. பட்டியலை வெள்ளிக்கிழமை வனத்துறை ஆபீஸ்ல குடுக்கணும். அதுக்குள்ள எடுத்துடு."

"எடுத்துடுன்னா? பொடிசுக்கு வேற எந்தத் தேதியும் இல்லையே. மத்ததுக்கெல்லாம் ஆள் போட்டாச்சு. இன்னும் ஒரு வருஷம் அவ காத்திருக்கணும்."

"காத்திருக்கட்டும். நோட்டைப் பாரு. நெட்டையண்ணன் இருந்த எட்டு வருஷமும் மூணாவது வாரம் ஆறு முழங்கால் அளவு. அவர் போனப்புறம் ரெண்டு வருஷமா அதே வாரம் தொடை அளவு. பருவமே தள்ளிப்போயிடுச்சு. ரெண்டு தடவையும் நான் கயித்தைக் கட்டி, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு தாண்டுனேன். அவளை அதுல இறக்கச் சொல்றியா?"

நெட்டையண்ணன்தான் முன்பு வழிகாட்டி. அப்போதெல்லாம் கணவர் வண்டி ஓட்டுவதோடு சரி, ஆற்றைப் பார்த்ததே இல்லை. தங்கை மேல் அவருக்கு இருந்த அக்கறையும் பொய்யில்லை. ஆனாலும் செய்தி கேட்டு முகம் தொங்கிப்போன பொடிசைப் பார்க்க காலண்டரம்மாவுக்குச் சகிக்கவில்லை. அதைவிட இன்னொன்று அவள் மண்டையைக் குடைந்தது. பருவம் தள்ளிப்போனால் அது தனக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? பத்து வருடமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில் மழைமானியைப் பார்த்து எழுதிவருகிறவள் அவள்தானே!

அன்று மத்தியானமே மழைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடந்த இரண்டு வருடமும் மழை கூடவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைவு. மழை நின்றதும்கூட ஒரு வாரம் முன்னதாகவே. மழை குறைந்தால் ஆறு எப்படி ஏறும்?

"மரம் கிரம் விழுந்து தண்ணி தேங்குதா?" என்று பொடிசைக் கேட்டாள்.

"இல்ல அண்ணி."

"மணல் அள்ளிப் பள்ளம் ஆக்கிட்டாங்களா?"

"அங்க மணலே கிடையாது. எல்லாம் பாறை. நான் முதல் வருஷம் பாத்த அதே பாறை."

"தாண்டுற இடத்தை மாத்தினீங்களா?"

"அண்ணி, போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க."

செவ்வாய் முழுக்க இதே குடைச்சல். சாப்பிடும்போதும் ஆறு, துணி மடிக்கும்போதும் ஆறு. புதன்கிழமை நோட்டுகளை மறுபடி வரிசையாக விரித்து வைத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முழங்கால் என்று எழுதியிருந்த பக்கங்களில் எல்லாம் நெட்டையண்ணனின் நீட்டி இழுத்த கையெழுத்து. தொடை என்று எழுதியிருந்த பக்கங்களில் பொடிசின் குண்டு குண்டான கையெழுத்து. கணவருக்கு எழுதுவது என்றாலே வேப்பங்காய். அதனால் அவர் நடத்திய பயணத்துக்கும் நோட்டு எழுதியது பொடிசுதான்.

காலண்டரம்மா மெல்லத் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். நிலைப்படியின் மேல்கட்டையில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டியிருந்தது. நெட்டையண்ணன் தினமும் தலையை இடித்துக்கொள்கிறார் என்று அவள்தான் ஒட்டிவைத்தாள். மூலையில் அவர் விட்டுப்போன ரப்பர் பூட்ஸ், குடை வைக்கிற சாடியாகிவிட்டிருந்தது. அவர் போட்டால் சரியாக முழங்கால் வரை வரும்.

"பொடிசு, இங்க வா. இந்த பூட்ஸ் பக்கத்துல நில்லு."

பொடிசு குடைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நின்றாள். பூட்ஸின் வாய் அவளுடைய முழங்காலைத் தாண்டி, தொடையில் பாதி வரை வந்தது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த பூட்ஸையே பார்த்தார்கள். பிறகு பொடிசு சிரிக்க ஆரம்பித்தாள். "அண்ணி, ஆறு அப்படியேதான் இருக்கு! ஆள்தான் மாறியிருக்கு!"

காலண்டரம்மாவும் சிரித்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, நெட்டையண்ணனின் நோட்டுகளை மறுபடி எடுத்துப் புரட்டினாள். ஆறு அப்படியேதான் இருக்கிறது என்றால், நெட்டையண்ணனின் முழங்காலை நம்பி எட்டு வருடமாகத் தேதி குறித்திருக்கிறாள். அவர் பின்னால் போனவர்களில் எத்தனை பேர் அவ்வளவு உயரம்? அத்தனை பேரும் தொடை அளவுத் தண்ணீரில்தான் நடந்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால், ஏன் ஆகவில்லை?

நெட்டையண்ணன் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அழைத்து வருவது, நடுவில் தூங்குவது. போன் போட்டதும் எடுத்துவிட்டார்.

"அண்ணா, எட்டு வருஷமா முழங்கால் அளவுன்னு எழுதியிருக்கீங்களே, யாரு முழங்கால்?"

"இதென்னம்மா கேள்வி? என் முழங்கால்தான். ஊரான் முழங்காலையா எழுதுவாங்க?"

"அப்ப கூட வந்தவங்களுக்குத் தொடை வரைக்கும் வந்திருக்குமே?"

"வந்துச்சு."

"தாண்டலாமா வேணாமான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"கூட்டத்துல இருக்கிறதிலேயே குள்ளமான ஆளை என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடு ஆத்துல நிக்கச் சொல்வேன். இடுப்பு நனையலன்னா போவோம். நனைஞ்சா திரும்பிடுவோம்."

"இதை ஏண்ணா நோட்டுல எழுதல?"

"நீ கேக்கலையேம்மா. 'ஆறு எவ்வளவு'ன்னுதானே கட்டம் போட்டிருந்தே? எவ்வளவோ அதை எழுதுனேன்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கட்டம் போட்டது அவள்தான்.

அவரே தொடர்ந்தார். "ஒரே ஒரு தடவை நனைஞ்சும் திரும்பல. வந்தவங்க ரொம்பக் கெஞ்சுனாங்க, நானும் இளகிட்டேன். ஒரு அம்மா கால் வழுக்கிப் போயிட்டாங்க. அவங்க பை வாரு என் கையில சிக்குச்சு, பிழைச்சாங்க. அதுக்கும் முழங்கால் அளவு, தாண்டினோம்னுதான் எழுதியிருப்பேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லலம்மா."

சாயங்காலம் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பூட்ஸை எடுத்துத் தன் காலோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். பருவத்தின் மேல் பழி போட்டது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது போல.

"அப்ப இன்னும் ஆபத்துதானே? எடுத்துடு" என்றார்.

"தேதி தப்பில்லைங்க. நாம தேதியை மட்டும் நம்பிட்டோம். தண்ணியில நின்னு பாத்து முடிவு பண்ணணும், அவ்வளவுதான்."

"நானே நிக்கிறேன் அண்ணா" என்றாள் பொடிசு. "என்னைவிடக் குள்ளமா எவன் வரப்போறான்?"

"நிக்கிறது பெரிசில்ல. அவ்வளவு தூரம் நடந்து வந்தவங்க அருவி பாக்காம திரும்ப மாட்டேம்பாங்க. திட்டுவாங்க, கெஞ்சுவாங்க. உன்னால திருப்பிக் கூட்டிட்டு வர முடியுமா?"

பொடிசு வாயைத் திறப்பதற்குள் காலண்டரம்மா முந்திக்கொண்டாள். "நானும் கூடப் போறேன்."

"அட்டைப்பூச்சி இருக்கும்" என்றார் கணவர்.

"இருந்துட்டுப் போகுது."

முதல் நடை பதினெட்டாம் தேதி என்று பட்டியல் போனது.

பதினெட்டாம் தேதிக்கு முன் ஐந்து நாள் மழைமானியில் ஒரு சொட்டு இல்லை. எட்டுப் பேர் வந்தார்கள். பொடிசு முன்னால் நடந்தாள். காலண்டரம்மா கடைசி ஆள். அவளுக்கு எல்லாமே புதிதாக இருந்தது. தான் தாளில் நாற்பது நிமிடம் என்று எழுதிய சறுக்குப் பாறை ஒன்றரை மணி நேரம் வாங்கியது. 'சிறு ஏற்றம்' என்று எழுதியிருந்த இடத்தில் நின்று தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள். சுனை என்றால் கிணறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது பாறையிடுக்கில் ஒரு குண்டான் தண்ணீர். குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பார்த்து, கேள்வி கேட்டுக் கேட்டே அவள் பின்தங்கிப்போக, பொடிசு நின்று, "அண்ணி, உங்களை ஓட்டுறதுக்கே ஒரு ஆள் வேணும் போல" என்று கத்தினாள்.

பகல் பதினொன்றுக்கு ஆறு வந்தது. அக்கரையில், மரங்களுக்குப் பின்னால் அருவியின் இரைச்சல் நன்றாகக் கேட்டது. பொடிசு கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். முழங்கால். தொடை. நடு ஆற்றில் போய் நின்றாள். தண்ணீர் அவள் பெல்ட்டை நனைத்து அதற்கு மேலே ஒரு விரல் ஏறி நின்றது.

மாடியில் ஐந்து நாள் காய்ந்திருக்கிறது, இங்கே ஏன் ஏறியிருக்கிறது? காலண்டரம்மா அண்ணாந்து பார்த்தாள். மலை உச்சியில் ஒரு கருத்த மேகம் நகராமல் உட்கார்ந்திருந்தது. அங்கே யாரும் மழைமானி வைக்கவில்லை. சைக்கிள் கடை மாடியில் பெய்கிற மழையைத்தான் அவள் இத்தனை நாள் காட்டு மழை என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பொடிசு கரையேறி வந்தாள். "திரும்பணும்" என்றாள்.

கூட்டத்தில் ஆறடிக்கு மேல் இருந்த ஒருவர் சிரித்தார். "எனக்கு இது இடுப்புகூட வராதும்மா. அருவி கூப்பிடுற தூரத்துல இருக்கு."

"உங்களுக்கு வராது சார். இவங்களுக்கு வரும்" என்று பொடிசு பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள்.

"நாங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். ஆசையா வந்துட்டோம்மா."

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோபம், கெஞ்சல், இதற்கா இவ்வளவு தூரம் நடந்தோம் என்ற முணுமுணுப்பு. பொடிசு காலண்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு விரல்தானே, போய்விடலாம் என்று காலண்டரம்மாவுக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அது அவள் குறித்த தேதி. பொடிசு நாலு வருடம் காத்திருந்த நாள். ஆனால் நிற்பது பொடிசு, முடிவும் பொடிசுடையது. காலண்டரம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்க. யாரும் இறங்கக் கூடாது" என்றாள் பொடிசு. அவள் அசைந்து கொடுக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டு, வந்த வழியே முன்னால் நடந்தாள். ஆறடிக்காரர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியில் அவரும் நடந்தார்.

திரும்பும் வழியில் பொடிசு இரண்டு தடவை புறங்கையால் கண்ணைத் துடைத்ததை காலண்டரம்மா பின்னாலிருந்து பார்த்தாள். சாலைக்கு வந்ததும்தான் போனுக்கு உயிர் வந்தது. பொடிசு அண்ணனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தாண்டிட்டீங்களா?"

"இல்லண்ணா. இடுப்புக்கு மேல ஒரு விரல் ஏறிடுச்சு. திரும்பிட்டோம்."

"திட்டுனாங்களா?"

"நல்லாவே திட்டுனாங்க."

போனில், அலுவலகத்துக்குக் கீழே சைக்கிள் கடையில் யாரோ மணி அடித்துப் பார்ப்பது கேட்டது.

"போன வருஷம் நான் தாண்டுனப்ப உனக்கு எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார் அண்ணன்.

"நடு ஆத்துல நெஞ்சு வரைக்கும் வந்துச்சுண்ணா. கரையோரம் இருந்ததைத்தான் நோட்டுல எழுதுனேன். அண்ணிகிட்ட ஆறு அப்படியேதான் இருக்குன்னு சிரிச்சப்பவும் அதை மறைச்சுட்டேன். நீங்க முன்னால போயிட்டீங்க, நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா என்னைத்தானேண்ணா கரையில நிறுத்திட்டுப் போயிருப்பீங்க?"

அண்ணன் சொன்னார்: "இனிமே முதல் நடைக்கு நான் வரலம்மா. அது உன்னோடது. எல்லா வருஷமும்."

பொடிசு போனைக் காலண்டரம்மா கையில் கொடுத்துவிட்டு, சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்து, ஈர பெல்ட்டோடு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.